பங்கு ஹால்ல ஒரு பேழை, ஒரு போர்வை, ஒரு கல்லறை: விவிலியக் கண்காட்சி செஞ்ச அனுபவம்

தவக்காலத்துக்கு எங்க பங்கு இளைஞர்கள் சேந்து ஒரு விவிலியக் கண்காட்சி வச்சோம். தூத்துக்குடி பக்கம் கடற்கரை ஊரு எங்களோடது. வேற பங்குல இருந்தும் நிறைய பேரு எப்படி செஞ்சீங்கன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாட்ஸப்ல ஆடியோ அனுப்பி முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன். அளவு, பொருளு, எது தேறுச்சு எது வேஸ்ட்டு எல்லாம் இருக்கு.

முதல் மீட்டிங்ல பேசுனது வேற. ஃப்ளெக்ஸ் அடிச்சு நாலு சுவத்துலயும் ஒட்டிடலாம், நடுவுல ஒரு கல்வாரி மலை, ஸ்பீக்கர்ல பாட்டு, முடிஞ்சதுன்னு பசங்க சொன்னானுங்க. ஃப்ளெக்ஸ்ல இருக்கறத ஃபோன்லயே பாத்துக்கலாமே, அதுக்கு எதுக்கு ஹாலுக்கு வரணும்? அதனால ஒரே ஒரு ரூல் வச்சோம், எது செஞ்சாலும் நிஜ அளவுல செய்யணும். சின்னதாக்கக் கூடாது, பிரமாண்டமா இருக்கட்டும்னு பெருசாக்கவும் கூடாது. இந்த ஒரு ரூல்தான் கண்காட்சியவே காப்பாத்துச்சுன்னு சொல்வேன், ஏன்னு போகப் போக தெரியும்.

முதல்ல உடன்படிக்கைப் பேழை, அதாவது பத்துக் கட்டளை எழுதின கற்பலகைய வைக்கிறதுக்கு மோசே காலத்துல செஞ்ச பொன் பூசின பெட்டி. பைபிள்ல விடுதலைப் பயணம் 25ஆம் அதிகாரத்துல அளவு தெளிவா இருக்கு, நீளம் ரெண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. முழத்துக்கு 45 சென்டிமீட்டர் போட்டா 112, 67, 67 வருது. பாத்தவங்க முக்காவாசிப் பேரு "இவ்ளோதானா?"ன்னாங்க. சினிமால பாத்துப் பாத்து லாரி சைஸ்ல நினைச்சு வச்சிருக்காங்க, நிஜத்துல நம்ம வீட்டு பீரோவைப் படுக்கப்போட்டா அதை விடச் சின்னது.

பெட்டி 12 எம்எம் ப்ளைவுட்டு, உள்ள மூலைக்கு மூலை ரீப்பர். பேழையத் தூக்குற கம்பு ரெண்டும் மட்டும் கருவேலங்கட்டையில கடைஞ்சு வாங்கினோம். பைபிள்ல வர்ற சித்தீம் மரம் நம்ம கருவேலுக்குச் சொந்தக்கார மரம்தான், அந்த ஆசைக்கு. மேல தங்க ரேக்கு ஒட்டினப்புறம் உள்ள கருவேலா தேக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது, எங்களுக்கு மட்டும் ஒரு திருப்தி.

தங்கக் கலருக்கு டப்பா பெயிண்ட் வேண்டவே வேண்டாம். லைட்டு போட்டா கடுகு கலர்ல நிக்கும். ஸ்பிரே கொஞ்சம் தேவலை, ஆனா எவ்ளோ அடிச்சாலும் பிளாஸ்டிக் மாதிரிதான் தெரியும். நாங்க போட்டது இமிடேஷன் ரேக்கு, அதாவது பித்தளையில வர்ற மெல்லிசான தகடு, சுரூபத்துக்கு (கோவில் சிலைக்கு) கிரீடம் பூசுறவங்க கிட்ட கேட்டா எங்க கிடைக்கும்னு சொல்வாங்க. செய்முறை இதுதான்: ப்ளைவுட்ட நல்லா தேய்ச்சு ப்ரைமர், அதுக்கு மேல ரெட் ஆக்ஸைடு ரெண்டு கோட்டு, காஞ்சதும் 400 நம்பர் உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கணும். அந்தச் செவப்பு அடியில இருந்தாத்தான் ரேக்கு எங்கயாவது லேசா கிழிஞ்சாலும் அசிங்கமா தெரியாது, தங்கத்துக்கே ஒரு சூடு வந்த மாதிரி இருக்கும். அப்புறம் ரேக்குப் பசை. தடவும்போது பால் மாதிரி வெள்ளையா இருக்கும், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சு கண்ணாடி ஆயிரும், விரல் முட்டியால தொட்டா இழுக்கணும் ஆனா கையில ஒட்டக்கூடாது, அந்த நேரத்துலதான் ரேக்கு வைக்கணும். ஃபேனை நிறுத்திட்டு, கதவையும் சாத்திட்டு, கையில பவுடர் போட்டுக்கிட்டு வேலை பாக்கணும், மூச்சு விட்டாலே பறக்குற சாமான் அது. மென்மையான பிரஷ்ஷால தட்டி உக்கார வச்சிட்டு உதிர்ற துண்டுகளை ஒரு டப்பாவுல சேத்து வச்சீங்கன்னா பேழை மூடி மேல வர்ற கெருபுகளோட (சிறகு வச்ச வானதூதர் உருவம்) சிறகு இடுக்குக்கு அதுவே போதும். கடைசில கண்டிப்பா கிளியர் லேக்கர். எங்க ஊரு உப்புக்காத்துக்கு லேக்கர் அடிக்காத பித்தளை ரேக்கு சீக்கிரமே பச்சை பிடிச்சிரும்.

கெருபுகள் தெர்மாகோல்ல வெட்டினது. நிக்ரோம் கம்பிய சூடு பண்ணி வெட்டினா குப்பை பறக்காது, ஆனா புகை கெடுதல், வெளிய வச்சு வெட்டுங்க. தெர்மாகோல் மேல நேரா ஸ்பிரே பெயிண்ட் அடிச்சா கரைஞ்சு பள்ளம் பள்ளமா போயிரும், அதனால முதல்ல பேப்பரக் கிழிச்சு ஃபெவிகால் தண்ணியில நனைச்சு ரெண்டு மூணு அடுக்கு ஒட்டிட்டு, ஒயிட் சிமெண்ட்டால ஒப்பேத்தி, அப்புறம்தான் கலரு.

பேழைக்குள்ள என்ன வைக்கிறதுன்னு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. எபிரேயர் 9:4ல மன்னா (பாலைவனத்துல வானத்துல இருந்து வந்த உணவு) இருந்த பொன் ஜாடி, ஆரோனோட துளிர்த்த கோல், கற்பலகைகள்னு மூணும் இருக்கு. 1 அரசர்கள் 8:9ல ரெண்டு கற்பலகை தவிர வேற ஒண்ணும் இல்லன்னு இருக்கு. எங்க உபதேசியார் (பங்குல மறைக்கல்வி சொல்லித் தர்றவர்) ரெண்டையும் படிச்சிட்டு, பலகைய உள்ள வைங்க, ஜாடியையும் கோலையும் முன்னாடி வைங்க, ரெண்டு வசனத்தையும் பக்கத்துலயே எழுதிப் போடுங்க, கேக்குறவங்க கேக்கட்டும்னாரு. நல்ல முடிவு. அந்த இடத்துலதான் பெருசுங்க நின்னு நின்னு பேசினாங்க.

அடுத்தது டூரின் போர்வை, அதாவது இயேசுவோட உடலைச் சுத்தினதுன்னு நிறைய பேரு நம்புற, ஒரு ஆளோட உருவம் பதிஞ்ச துணி, இத்தாலியில டூரின்ல இருக்கு. வேலை ரொம்ப வாங்கினது இதுதான், ஜனம் ரொம்ப நேரம் நின்னதும் இதுக்கு முன்னாடிதான். ஒரிஜினல் சுமாரா 4.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், லினன் துணி. நமக்கு லினன் கட்டுப்படியாகாது. காடாத் துணி எடுத்தோம், வெளுக்காதது, அதோட பழுப்பே பாதி வேலைய முடிச்சிரும். பிரிண்ட்ல ஒரு விஷயம் கவனிங்க, சாதா டி-ஷர்ட்டுக்குப் போடுற சப்ளிமேஷன் பாலியஸ்டர்ல மட்டும்தான் பிடிக்கும், காட்டன்ல போட்டா ஒரு தடவை அலசினாலே போயிரும். காட்டனுக்குன்னு டிஜிட்டல் பிரிண்ட் பண்றவங்க திருப்பூர், கரூர் பக்கம் இருக்காங்க. ஃபைல்ல இருந்து பின்னணிக் கலரை சுத்தமா எடுத்துட்டு, உருவமும் தீப்பட்ட தடமும் மட்டும் இருக்கற மாதிரி குடுங்க. பின்னணியோட அடிச்சா துணி மேல துணி படம் போட்ட மாதிரி தட்டையா இருக்கும்.

பிரிண்ட் கடைக்காரரு "சார் ரொம்ப டல்லா இருக்கு, கான்ட்ராஸ்ட் ஏத்தி விடுறேன்"னு ஒத்தக்கால்ல நின்னாரு. ஏத்தவே விடக்கூடாது. ஒரிஜினலே அப்படித்தான், கிட்டப் போனா உருவம் கலைஞ்சு வெறும் கறையாத் தெரியும், நாலஞ்சு அடி பின்னால வந்தாத்தான் முகம் கூடி வரும். எங்க துணியிலயும் அது அப்படியே வந்துச்சு. கிட்ட வந்து மூக்கை வச்சுப் பாத்துட்டு "ஒண்ணுமே தெரியலயே தம்பி"ன்னு திரும்பினவங்க, பின்னால போறப்ப சட்டுனு நின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. கான்ட்ராஸ்ட் ஏத்தியிருந்தா இது நடந்திருக்காது.

1898ல செக்கோந்தோ பியாங்கிற இத்தாலிக்காரரு முதல் தடவையா அதை ஃபோட்டோ எடுத்தாரு, நெகட்டிவ் பிளேட்டைக் கழுவினப்ப அதுல நிஜ முகம் மாதிரி தெளிவா தெரிஞ்சுதுன்னு படிச்சிருப்பீங்க. அதை விளக்க நெகட்டிவ் பிரிண்ட் ஒண்ணு பக்கத்துல வைக்கலாம்னு இருந்தோம், அப்பத்தான் பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு, ஃபோன் செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிக்குள்ள கலர் இன்வெர்ஷன் இருக்குல்ல, அதைப் போட்டுட்டு கேமராவத் திறந்து பாக்கச் சொல்லுவோமேன்னா. பாத்தோம். திரையில முகம் அப்படியே எழும்பி வருது. நெகட்டிவ் பிரிண்ட் ஐடியாவைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த செட்டிங்ஸை எப்படிப் போடுறதுன்னு ஒரு போர்டு எழுதி வச்சோம். மொத்தக் கண்காட்சியிலயும் காசே செலவழிக்காத ஐட்டம் இது ஒண்ணுதான், கூட்டம் நகரவே இல்ல.

இன்னொரு குழப்பம், ஏன் ரெண்டு உருவம் தலையோட தலை முட்டிக்கிட்டு இருக்குன்னு. முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு, ஒரே துணி கால்ல இருந்து முதுகு வழியா தலை சுத்தி முன்னால வந்ததுன்னு வாயால சொன்னா புரிய மாட்டேங்குது. ஜவுளிக்கடையில கழிச்சுப் போட்ட பொம்மை ஒண்ணு வாங்கி, அதைப் படுக்கவச்சு, அதே நீளத்துல வெறும் காடாத் துணிய அடியில விரிச்சு தலைக்கு மேல மடக்கிக் காட்டினோம். சின்னப் பசங்களுக்குக் கூட ஒரு நிமிஷத்துல விளங்கிருச்சு.

போர்டுல என்ன எழுதுறதுன்னு வந்தப்பதான் சண்டை. 1532ல பிரான்ஸ் பக்கம் ஷாம்பெரியில போர்வை இருந்தப்ப தீப்பிடிச்சது, கன்னியாஸ்திரீகள் ஒட்டுப் போட்டுத் தைச்சது, 2002ல அந்த ஒட்டையெல்லாம் பிரிச்சு எடுத்தது, இதுல யாருக்கும் பிரச்சனை இல்ல. எங்க பிரிண்ட் ஒட்டு இருந்த காலத்துப் படம், அதையும் எழுதிட்டோம். ஆனா 1988ல ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா மூணு இடத்துலயும் துணியோட வயசைப் பாக்குற கார்பன் டெஸ்ட் பண்ணி கி.பி. 1260க்கும் 1390க்கும் நடுவுலன்னு சொன்னாங்களே, அதைப் போடணுமா? பங்குப் பேரவையில ரெண்டு பேரு கூடவே கூடாதுன்னாங்க, ஜனங்க விசுவாசம் என்னாகுறதுன்னு. ஃபாதர்தான், போடுங்க, இதுதான் இயேசுவைச் சுத்தின துணின்னு திருச்சபையே தீர்ப்பு சொல்லல, நாம ஏன் சொல்லணும்னு முடிச்சு வச்சாரு. டெஸ்ட் ரிசல்ட்டு, அதை ஒத்துக்காதவங்க இருக்காங்கங்கறது, ரெண்டும் போர்டுல இருந்துச்சு. ஒருத்தரும் விசுவாசத்தை ஹால்ல விட்டுட்டுப் போகல. ஃபோன்ல தேடினா ரெண்டு நிமிஷத்துல கிடைக்கிற சங்கதிய நாம மறைச்சாத்தான் கேவலம்.

முள்முடி ரெண்டு செஞ்சோம். இயேசு தலையில வச்சதுன்னு பாரிஸ்ல இருக்கறது பாத்தீங்கன்னா முள்ளே இல்லாத ஒரு வளையம், கோரை மாதிரி புல்லைச் சேத்துக் கட்டினது, குறுக்களவு 21 சென்டிமீட்டர். 1239ல பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி வாங்கினது, முள்ளெல்லாம் அங்க இங்கன்னு குடுத்துத் தீந்து போச்சு. 2019 ஏப்ரல்ல நோத்ர் தாம் கோவில் எரிஞ்சப்ப உள்ள போய் எடுத்து வந்தாங்களே, அதுதான். அதுக்குப் பத்தமடைப் பக்கம் பாய் முடையிற கோரை வாங்கி நூலால சுத்திக் கட்டினோம், சுலபம். இன்னொண்ணு நிஜ முள்ளுல. எருசலேம் பக்கம் வளர்ற ஒரு இலந்தை வகைதான் அந்த முள்ளுன்னு ஒரு கணிப்பு உண்டு, நம்ம இலந்தை அதோட கூடப்பிறந்ததுதான். பச்சையா வெட்டின உடனே வளைச்சாத்தான் வளையும், ரெண்டு நாள் கிடந்தா பட்டுனு ஒடியும். வெல்டிங் கிளவுஸ் போட்டுக்கிட்டு செஞ்சும் கையெல்லாம் கீறல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சதுல, வெறும் வளையத்தைப் பாத்து "இதுலயா முள்ளு?"ன்னு கேட்டவங்களுக்குத்தான் கதை சொல்ல இடம் கிடைச்சது.

ஆணி, ஆசாரி அண்ணாச்சி பட்டறையில அடிச்சது. சுரூபங்கள்ல இருக்கற ஆணியப் பாத்துட்டு ஒரு அடி நீளத்துக்குக் கேட்டாங்க பசங்க. 1968ல எருசலேம் பக்கம் ஒரு எலும்புப் பெட்டியில, சிலுவையில அறையப்பட்ட ஒருத்தரோட குதிகால் எலும்பு ஆணியோடவே கிடைச்சுது. முனை வளைஞ்சு போனதால உருவ முடியாம அப்படியே புதைச்சிருக்காங்க. அந்த ஆணி 11.5 சென்டிமீட்டர். நாங்க அதே அளவுக்குச் சதுரமா அடிக்கச் சொன்னோம். துருப்பிடிக்க வைக்க எந்த கெமிக்கலும் வேண்டாம், கடல் தண்ணியில முக்கிட்டு வெயில்ல போட்டா எங்க ஊருல தானா வரும். பிடிச்ச துரு உதிராம இருக்க மேல லேக்கர். இயேசுவை அடிச்ச சாட்டைக்கு தோல் வாரு செருப்புத் தைக்கிற இடத்துல, நுனியில தொங்குற ஈயம் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு. அதை யாரும் தொடாத மாதிரி பெட்டிக்குள்ள வச்சிருங்க, ஈயம், பிள்ளைங்க வாயில வைக்கும்.

இயேசுவைக் காட்டிக்குடுக்க யூதாஸ் வாங்கின முப்பது வெள்ளிக்காசுதான் எனக்குப் பிடிச்சது. கோவில்ல புழங்கின தீர் நகரத்துக் காசா இருக்கும்னு பொதுவா சொல்றாங்க, ஒண்ணு சுமாரா 14 கிராம் வெள்ளி. எம்-சீல்ல அச்சடிச்சு வெள்ளிக் கலர் பூசி காசைப் பார்வைக்கு வச்சாச்சு. பக்கத்துல ஒரு துணிப் பையில முப்பது காசோட எடை, 420 கிராமுக்கு இரும்பு வாஷர் போட்டு வாயத் தைச்சு, "தூக்கிப் பாருங்க"ன்னு எழுதி வச்சோம். தூக்கின ஒவ்வொருத்தர் முகத்தையும் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அரைக் கிலோ கூட இல்ல. ஒரு மீன் வியாபாரி அக்கா கையில வச்சு ரெண்டு தடவை ஏத்தி இறக்கிட்டு "இவ்ளோதானா குடுத்தானுவோ"ன்னாங்க.

சிலுவைப் பலகை, அதாவது சிலுவை மேல வச்ச பேர்ப்பலகை, யோவான் 19:20ல மூணு மொழியில எழுதியிருந்ததா வர்றது, ரோம்ல சாந்தா குரோசே கோவில்ல இருக்கற பலகையப் பாத்து செதுக்கினோம். அதுல கிரேக்கமும் லத்தீனும் கூட வலமிருந்து இடமாப் போகும். தெரிஞ்சே அப்படிச் செதுக்கிட்டு, எழுத்து திரும்பி இருக்குன்னு வந்து சொல்றவங்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வத்திருச்சு. போர்டை பெருசா வச்சிருக்கணும்னு சொல்லாதீங்க, பெருசாத்தான் இருந்துச்சு, யாரும் படிக்கல.

காட்சிகள்ல ராப்போசனத்துக்கு, அதாவது இயேசு சீடர்களோட சாப்பிட்ட கடைசி விருந்துக்கு, ஆளுங்க சுரூபம் வைக்கல. ஜவுளிக்கடை பொம்மைய பேதுருவாக்கி சணல்ல தாடி ஒட்டிப் பாத்தோம், கல்யாண வரவேற்புல நிக்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்தாரு, வேண்டாம்னு விட்டுட்டோம். தாழ்வான மேசை, சுத்தி சாஞ்சு படுக்க மெத்தை, மண் கிண்ணம், புளிக்காத அப்பம், மூலையில ஒரு தண்ணித் தொட்டியும் துண்டும். படத்துல பாக்குற மாதிரி நீள மேசையில ஒரே பக்கமா யாரும் உக்காரல, அந்தக் காலத்துல விருந்துன்னா சாஞ்சுக்கிட்டுதான் சாப்பிட்டாங்க. ஆளு இல்லாத மேசை, ஆளு இருக்கறத விட நல்லா இருந்துச்சு.

இயேசுவோட கல்லறைக்கு நம்ம கிறிஸ்துமஸ் குடில் டெக்னிக்கே போதும். மூங்கில் கட்டி, கோழி வலை அடிச்சு, சாக்கை சிமெண்ட் பால்ல முக்கி மேல போத்தி விடுறது. சிமெண்ட் ரொம்பத் தண்ணியா இருந்தா சாக்கு தொங்கிப் போகும், தோசைமாவை விட கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும். காஞ்சதும் கரித்தூளையும் செம்மண்ணையும் ஈரத்துணியால தட்டித் தட்டி விட்டா கல்லு நிறம் வந்துரும். அந்தக் காலத்து எருசலேம் கல்லறைகள்ல சதுரக் கல்லு வச்சு அடைக்கிறதுதான் அதிகம், வட்டக்கல் அபூர்வம், இருந்தாலும் நற்செய்தியில உருட்டினதா வர்றதால வட்டமே வச்சோம். வாசலை மூணரை அடிக்கு மேல விடாதீங்கன்னு நான்தான் அடம்பிடிச்சேன். யோவான் 20ல சீடர் கல்லறைக்குள்ள குனிஞ்சு பாத்தாருன்னுதான இருக்கு. எம்எல்ஏவா இருந்தாலும் ஆயரா இருந்தாலும் குனிஞ்சுதான் உள்ள வரணும். முட்டி வலி உள்ள பெரியவங்களுக்குப் பக்கவாட்டுல திரைச்சீலை போட்டு ஒரு வழி விட்டிருந்தோம், அது அவசியம். உள்ள ஒரு மேடை, மேல சுருட்டின துணி, தலைத் துண்டு தனியா. வேற ஒண்ணும் இல்ல. லைட்டு ஒரே ஒரு வார்ம் எல்இடி. நிஜ மெழுகுவர்த்தி ஹால்ல எங்கயும் அனுமதிக்கல, சாக்கு, தெர்மாகோல், துணின்னு மொத்தமும் தீப்பிடிக்கிற சாமான்.

"இவை அனைத்தும் மாதிரிகள்"னு வாசல்லயே கொட்டை எழுத்துல போட்டோம், ஒவ்வொரு ஐட்டத்துலயும் போட்டோம், மறைக்கல்விப் பிள்ளைங்க வாயாலயும் சொன்னாங்க. அப்படியும் போர்வைய முத்தி செய்ய (முத்தம் குடுக்க) வந்தாங்க, ஆணியில ஜெபமாலைய உரசினாங்க. ரேக்கு ஒட்டின பேழையத் தொட்டா கை ரேகை பிடிச்சிரும்னு கயிறு கட்டினோம், கயித்துக்கு மேல எட்டித் தொட்டாங்க. அவங்களத் திட்டி ஒண்ணும் ஆகாது. தொடுறதுக்குன்னே ரெண்டு ஆணிய தனியா வெளிய வச்சதும் கயிறு தாண்டுறது பாதிக்குப் பாதி கொறஞ்சிருச்சு. ஒரு பாட்டி முள்முடியில இருந்து ஒரு முள்ளு விலைக்குக் கேட்டாங்க. ஒரிஜினல் அருளிக்கத்தையே (புனிதப் பொருளையே) விக்கக்கூடாதுன்னு திருச்சபைச் சட்டம் 1190 சொல்லுது, நாங்க போன வாரம் வெட்டின இலந்தையை வித்தா நல்லா இருக்குமா. நிஜச் சிலுவைத் துண்டுன்னு வச்சு வணங்குறதைப் பாக்கணும்னா மணப்பாடு போங்க பாட்டி, செப்டம்பர் 14 திருவிழான்னு சொல்லி அனுப்பினோம். வருஷா வருஷம் போறேன்யா, அது தூரத்துல இருந்துதான பாக்க முடியுதுன்னாங்க.

இப்ப நிலவரம்: கல்லறைய உடைச்சாச்சு, சாக்கு சிமெண்ட் காட்சிய எடுத்து வைக்க முடியாது. போர்வைய மடிக்காம பிவிசி பைப்புல சுருட்டி வச்சிருக்கோம், மடிச்சா மடிப்புத் தடம் போகாது. பேழை பக்கத்துப் பங்குக்குப் போகுது. கம்பை வளையத்துல இருந்து கழட்டவே கூடாதுன்னு விடுதலைப் பயணம் 25:15ல இருக்கு, ஆனா கம்போட டாட்டா ஏஸ்ல ஏத்தினா பின்கதவு சாத்த மாட்டேங்குது, உபதேசியார் வர்றதுக்குள்ள கழட்டி ஏத்திரணும்.